எர்திக்: ஏவலரைப் பாடிய மாளிகை



வேல்சு நாட்டின் வடகிழக்கில், ரெக்ஸம் நகருக்குத் தெற்கே, எர்திக் என்றொரு பண்ணை மாளிகை இருக்கிறது. அதனினும் பெரிய மாளிகைகள் பிரித்தானியத் தீவில் எத்தனையோ உள. பாட்டெழுதுவோர் கூடிய இவ்வவையில் அதைப் பற்றிப் பேசத் துணிந்தமைக்குக் காரணம், அங்கே சுவரில் தொங்கும் சில பாட்டுகளே.

முதலில் கட்டடம். யோசுவா எடிஸ்பரி என்பார் 1684-இல் தாமஸ் வெப் என்னும் கொத்தனாரைக் கொண்டு, ஒன்பது சாளர அகலத்தில் செங்கல் மாளிகை ஒன்றைத் தொடங்கினார். வீட்டைக் கட்டி முடித்தவரைக் கடன் முடித்துவிட்டது. கடன் கொடுத்தோருள் ஒருவர் நமக்கு அறிமுகமானவர்: சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் 1687 முதல் 1692 வரை ஆளுநராயிருந்த எலிஹு யேல். அவர் அன்பளிப்பாக ஈந்த சீன அரக்குத் தட்டி ஒன்று இன்றும் அங்குள்ளது. அவ்வகைத் தட்டிக்கு ஐரோப்பியர் இட்ட பெயர் 'கோரமண்டல்'. சோழமண்டலக் கரை வழியே கப்பலேறியதால், நாம் செய்யாத பொருளுக்கும் நம் பெயர் ஒட்டிக்கொண்டது!

கடனில் மூழ்கிய வீட்டை வாங்கிய ஜான் மெல்லர் 1720-களில் இருபுறமும் சிறகுகள் சேர்த்தார். 1733-இல் அது அவர் மருகர் சைமன் யார்க்கைச் சேர்ந்தது. அதுமுதல் 1973 வரை சைமன், பிலிப் என்னும் இரு பெயரினரே அவ்வீட்டை ஆண்டனர். காற்றும் மழையும் அரித்த மேற்கு முகப்பு 1770-களில் கல்லால் போர்த்தப்பெற்றது.

முதலாம் பிலிப் யார்க் (1743–1804) வேல்சு அரசகுடிகளைப் பற்றி 1799-இல் நூல் வெளியிட்டவர். அரசர்தம் குடிவழியைத் தேடிய அவர், தம் வீட்டு ஏவலரை மறந்தாரல்லர். 1791 முதல் 1796 வரை டென்பி நகர ஓவியர் ஜான் வால்டர்ஸைக் கொண்டு அறுவரைத் தீட்டச் செய்து, ஒவ்வொருவர்க்கும் தாமே பாட்டும் எழுதினார். தச்சர், கொல்லர், வேட்டைக்காவலர், அடுக்களை ஆள், கசாப்புக்காரர் ஆகியோரோடு, ஒட்டடை அடிக்கும் எண்பத்தேழு வயது மூதாட்டி ஜேன் எப்ரலும் துடைப்பத்தோடு அவ்வரிசையில் வீற்றிருக்கிறார். பின்வந்த யார்க்குகளும் இவ்வழக்கத்தைக் கைவிடவில்லை. 1852-இல் நிழற்படக் கருவி வந்ததும் ஏவலரை அதன்முன் நிறுத்தினர்.

நம் பாடாண் திணையில் புலவன் புரவலனைப் பாடுவான். இங்கே புரவலன் ஏவலரைப் பாடுகிறான். அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்திய இலக்கணத்தைக் கற்பிக்கும் எனக்கு, இச்செய்தியை முதலில் படித்தபோது நாணமே மேலிட்டது.

ஆயினும் முழுமனத்தோடு மகிழ இயலவில்லை. பாட்டுகளில் பரிவு உண்டு; பக்கத்திலேயே எள்ளலும் உண்டு. கவிநயத்தில் அவை உயர்ந்தனவும் அல்ல. பாடப்பட்டவர்தம் குரலோ அச்சுவரில் இல்லை. மெல்லரின் வண்டிப் பணியாளனாகக் கருதப்பெற்ற, ஊதுகொம்பேந்திய கறுப்பின இளைஞன் ஒருவனின் ஓவியமும் அங்குண்டு. அதற்குப் பல்லாண்டுகள் கழித்துப் பாட்டெழுதிய பிலிப், அவனைப் பற்றித் தாம் அறிந்தது சொற்பமே என அப்பாட்டிலேயே ஒப்புகிறார். எந்தக் கரையிலிருந்து எவ்வாறு கொணரப்பட்டானோ! எள்ளலுக்கு எதுகை கிடைத்த அளவுக்கு அவன் வரலாறு கிடைக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் பெர்ஷம் சுரங்கத்தார் மாளிகையின் அடிநிலத்தில் நிலக்கரி எடுக்க, வீடு ஏறத்தாழ ஐந்தடி தாழ்ந்தது. நான்காம் சைமன் மின்விளக்கின்றியே அதில் வாழ்ந்து 1966-இல் மறைந்தார். தம்பி பிலிப், எப்பொருளையும் அகற்றலாகாது என்னும் நிபந்தனையோடு 1973-இல் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் வீட்டை ஒப்படைத்தார்.

பழுதுபார்க்கப்பெற்று 1977-இல் மாளிகை திறக்கப்பட்டபோது, காண வந்தோரை முகப்பு வாயில் வழியே விடவில்லை. தச்சுக்கூடம், கொல்லுலை, குதிரை லாயம், சலவைக்கூடம், ரொட்டி சுடும் அறை, அடுக்களை எனப் பின்கட்டு வழியே அழைத்துச் சென்றனர். பிரபுக்களின் அறைகள் அவற்றுக்குப் பின்னரே.