கடிகாரத்தை வைத்தது யார்?

நடுவர் அவர்களே! இந்த ஊட்டிக் குளிரிலும் எதிரணி நண்பர் சூடாகச் சொன்னார்: ‘எந்திரம் மனுஷனை ஜெயிச்சிடுச்சு!’ நம்ம விஸ்வநாதன் ஆனந்தையே 1998-ல், இத்தாலி நாட்டு இஸ்கியாவில், ‘ரெபெல் 10’ங்கிற சதுரங்கக் கம்ப்யூட்டர் புரோகிராம் 5-3 என்று தோற்கடித்ததாம். உண்மைதான் ஐயா. இன்னிக்கு செல்போனே சாம்பியனை ஜெயிக்கும், ஒத்துக்கிறேன்.

ஆனா அந்தப் பந்தயத்தை ஏற்பாடு செய்தபோது கடிகாரத்தை எப்படி வைத்தார்கள்? அதை ஏன் சொல்லலை? மொத்தம் 8 ஆட்டம். அதில் 4, அஞ்சு நிமிஷ ஆட்டம்! கம்ப்யூட்டருக்கு 3-1. அடுத்த 2, பதினஞ்சு நிமிஷம். அதுவும் கம்ப்யூட்டருக்கே. கடைசி 2? நாற்பது நகர்த்தலுக்கு ரெண்டு மணி நேரம். மனுஷனுக்கு யோசிக்க நேரம் கிடைச்சுது. ஆனந்த் ஒன்றரை, கம்ப்யூட்டர் அரை! (கைதட்டல்)

நான் குன்னூர்ப் பக்கம் எஸ்டேட்டில் வளர்ந்தவன். எங்கம்மா கையால கொழுந்து கிள்ளுவாங்க. ரெண்டு இலை, ஒரு மொட்டு. பக்கத்து வரிசையில் கத்தரி வந்தது. தராசில் கத்தரி ஜெயிச்சுது. மூட்டையைக் கொட்டினா, பாதி முத்தல் இலை! கூலி குறைஞ்சது மட்டும் எங்கம்மாவுக்கு. தராசை வைச்சவர் மூட்டையைப் பிரிக்கவே இல்லை ஐயா.

என்ன, மணி அடிச்சிட்டீங்க? பாருங்க, எனக்கும் அஞ்சு நிமிஷம்தான்! (சிரிப்பு)