ஆற்றின் அறங்காவலர்



எல்லை என்னும் சொல்லுக்குத் திருத்தணியில் எவரும் பொருள் சொல்ல வேண்டுவதில்லை. 1953இல் ஆந்திரம் தனி மாநிலமானபோது அதனோடு சென்ற இவ்வூர், சிலம்புச் செல்வர் ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, படாஸ்கர் பரிந்துரையின் வழியே, 1960 ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநிலத்தோடு வந்து சேர்ந்தது. ஊர் ஊராக எண்ணி, அங்கே பெரும்பாலோர் பேசும் மொழி எதுவெனக் கேட்டு வரைந்த கோடு அது. ஆற்றிடம் மட்டும் எவரும் ஒன்றும் கேட்கவில்லை. சித்தூர் மலைப்பகுதியில் நீர்கொண்டு வரும் கொசஸ்தலை ஆறு, பள்ளிப்பட்டின் வழியே தமிழ்நாட்டுக்குள் இறங்கி, பூண்டி நீர்த்தேக்கத்தைக் கண்டு, எண்ணூர்க் கழிமுகத்தில் கடலோடு கலக்கிறது. கொற்றலை என்று அதனை அழைப்பார் வாயிலும் குசத்தலை என்று அழைப்பார் வாயிலும் அது ஒரே ஆறுதான்.

2022 ஆகஸ்டில் அவ்வாற்றின் குறுக்கே சித்தூர் மாவட்டத்தில் இரண்டு நீர்த்தேக்கங்கள் கட்ட ஆந்திர அரசு முற்பட்டது. தமிழ்நாட்டு முதலமைச்சர் ஆந்திர முதலமைச்சர்க்குக் கடிதம் எழுதினார். சென்னையின் குடிநீரும் கீழ்ப்பகுதி உழவர்களின் பாசனமும் பாதிக்கப்படும் என்பது அக்கடிதத்தின் சாரம். அதற்கு முந்திய ஆண்டு நவம்பரிலோ நிலைமை நேர்மாறு. மேலே அம்மப்பள்ளி அணை நிரம்பி வழிய, பள்ளிப்பட்டுத் தரைப்பாலங்கள் நீரில் மூழ்கின, ஊர்கள் துண்டிக்கப்பட்டன. நீர் வாராதபோது கடிதம், வந்தபோது எச்சரிக்கை. இவ்விரண்டுக்கும் இடையில் இரு கரையாரும் ஆண்டு முழுதும் அமர்ந்து பேசுதற்கு ஓர் இருக்கை இல்லை. அப்படிப்பட்ட இருக்கைக்காகவே 1956இல் ஆற்று வாரியங்கள் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் அச்சட்டத்தின்கீழ் இந்திய நாட்டில் ஓர் ஆற்றுக்கேனும் வாரியம் அமைக்கப்பட்டதில்லை.

இந்த வெற்றிடத்தைப் பற்றித் தம் பிற்கால வாழ்வு முழுதும் சிந்தித்து எழுதியவர் ஒருவர் உண்டு. அவரே இராமசாமி ஆர். ஐயர். தமிழ்ப் பெயர் தாங்கியவராயினும் தமிழ்நாட்டு இலக்கிய மேடைகளில் அவர் பெயர் மிகுதியும் ஒலித்ததில்லை.

அவர் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று படிப்படியாகப் பேராசிரியர் ஆனவர் அல்லர். மைய அரசின் கணக்குத் தணிக்கைப் பணியில் சேர்ந்து, உயர்ந்து, 1985 முதல் 1987 வரை நீர்வளத் துறையின் செயலராக விளங்கியவர். இந்தியாவின் முதல் தேசிய நீர்க் கொள்கை 1987இல் உருவானபோது அதன் வரைவில் பெரும்பங்கு அவருடையது. குடிநீருக்கு முதலிடம், அதன்பின்னரே பாசனம், பிறகு மின்னாக்கம் என்று வரிசைப்படுத்திய கொள்கை அது. ஓய்வுக்குப் பின் தில்லியில் உள்ள கொள்கை ஆய்வு மையத்தில் ஆய்வுப் பேராசிரியராக அமர்ந்தார். பலருக்கு வாழ்க்கை முடிந்ததாகத் தோன்றும் வயதில் அவர்க்குப் புலமை வாழ்வு தொடங்கியது. 1991இல் பொதுத்துறை நிறுவனங்களைப் பற்றி அவர் எழுதிய நூலின் பெயரில் ‘இலக்கணம்’ என்னும் சொல் இருந்தது. தமிழ் படித்தோர் அதனைக் கண்டு மகிழலாம். சொற்களை அவற்றின் எல்லைக்குள் நிறுத்திப் பொருள் காணும் பழக்கம் அவர்க்கு நீரிலும் தொடர்ந்தது.

அவருடைய வாழ்வில் போற்றத்தக்கது அவர் கொண்ட கருத்தைக் காட்டிலும் அவர் மாற்றிக்கொண்ட கருத்து எனலாம். நருமதை அணைத் திட்டங்கள் ஒப்புதல் பெற்ற காலத்தில் அத்துறையின் உயர்பொறுப்பில் இருந்தவர் அவர். ஆனால் 1993இல் சர்தார் சரோவர் பற்றி ஆராய மைய அரசு அமைத்த ஐவர் குழுவில் அமர்ந்தபோது, இடம்பெயர்க்கப்படும் மக்களின் கண்கொண்டு அத்திட்டத்தைப் பார்க்க நேர்ந்தது. பின்னாளில் பேரணைகளை நம்பி எழுதப்பட்ட கொள்கைகளை, தாம் கைவைத்த 1987ஆம் ஆண்டுக் கொள்கை உட்பட, அவரே குறை கண்டு எழுதினார். தாம் எழுதியதைத் தாமே திருத்துவது புலவர்க்கே அரிது. அதிகாரத்தில் இருந்தவர்க்கோ மிக அரிது.

அந்த ஐவர் குழுவில் இன்னொரு தமிழரும் இருந்தார் என்பதை இவ்வவையில் சொல்லாமற் செல்வது குற்றமாகும். அவர் முனைவர் வா.செ. குழந்தைசாமி. அமெரிக்காவின் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் நீரியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தர். குலோத்துங்கன் என்னும் பெயரில் கவிதை பாடியவர். ‘வாழும் வள்ளுவம்’ நூலுக்காக 1988இல் சாகித்திய அகாதமி விருது பெற்றவர். ஒரு மேசையின் ஒருபுறம் ஆற்றின் கணக்கறிந்த கவிஞர், மறுபுறம் சட்டத்தின் சொல்லறிந்த தணிக்கையாளர். நீர் பற்றிய பேச்சு கவிஞர்க்கு அயலானது என்று கருதுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நீர்நிலை அமைக்குமாறு எடுத்துரைத்த குடபுலவியனார் புறநானூற்றில் இருக்கிறார். அரசனுக்கு நீர்க் கொள்கை சொன்னவர் அந்நாளில் அமைச்சர் அல்லர், புலவர்.

இனி, ஐயரின் சொல்லாய்வுக்கு வருவோம். ‘நீருக்கான உரிமை’ வேறு, ‘நீர்மேல் உரிமை’ வேறு என்று அவர் வற்புறுத்தி வந்தார். உயிர் வாழ்வதற்குத் தேவையான நீர் முன்னது; அது மனிதனாய்ப் பிறந்த எவர்க்கும் உரியது. கழனிக்கும் ஆலைக்கும் வாணிகத்துக்கும் கொள்ளும் நீரின்மேல் கோரப்படும் பங்கு பின்னது. அது வரையறைக்கும் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டது. தமிழில் சொன்னால் ஒன்று நான்காம் வேற்றுமை, மற்றொன்று ஏழாம் வேற்றுமை. உருபு மாறினால் உலகமே மாறுகிறது. இரண்டையும் ஒன்றெனக் கொண்டால், ஆழ்துளைக் கிணற்றுக்காரர் தம் கரும்புக்கு இறைக்கும் நீரும் பக்கத்துத் தெருவில் குடத்தோடு நிற்கும் பெண் கேட்கும் நீரும் ஒரே தராசில் ஏறிவிடும். இன்று நடப்பது ஏறத்தாழ அதுவே. 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் வழிவந்த வழக்கப்படி, நிலத்துக்கு உரியவர் அதன் அடியில் உள்ள நீரையும் எடுத்துக்கொள்ளலாம். நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு 2003இல் ஒரு சட்டம் இயற்றியது. அது நடைமுறைக்கு வாராமலே 2013இல் நீக்கப்பட்டது. பிறந்த குழந்தைக்குப் பெயரிட்டுப் பத்தாண்டு கழித்துப் பெயரை அழித்த கதை அது.

கடலில் சேரும் நீர் ‘வீண்’ என்னும் சொல்லையும் ஐயர் ஏற்கவில்லை. ஆறு கடலைச் சேர்வது அதன் தொழில். மீனும் முகத்துவாரமும் கரையின் மண்ணும் அதனால் வாழ்கின்றன என்பது அவர் கட்சி. ஆறுகளை இணைக்கும் பெருந்திட்டத்தை 2002 முதலே எதிர்த்து எழுதினார். 2012இல் அத்திட்டத்தை நிறைவேற்றுமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டபோது, நீதிமன்றத்துக்கு உரிய மதிப்பைக் கொடுத்தே அத்தீர்ப்பை மறுத்துரைத்தார். இவ்விடத்தில் தமிழ்நாட்டு உழவர் பலர் அவரோடு உடன்பட மாட்டார்கள். கோடையில் வறண்ட வாய்க்காலைப் பார்த்து நிற்பவரிடம் கடலுக்கும் பங்கு உண்டு என்று சொல்வது எளிதன்று. அவர் அதனை அறியாதவரும் அல்லர்.

அறிந்தமையாற்றான் காவிரியில் அவர் வேறொரு வழியையும் நாடினார். 1990 ஜூனில் அமைந்த நடுவர் மன்றம் தன் இறுதித் தீர்ப்பை 2007 பிப்ரவரியில் வழங்கியது; 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதனைத் திருத்தி, பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு ஆண்டுதோறும் 177.25 ஆயிரம் மில்லியன் கனஅடி என்று வரையறுத்தது. பதினேழு ஆண்டும் பதினொரு ஆண்டும் காத்திருந்து பெற்ற எண்கள். இதற்கிடையே 2003இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியால், பேராசிரியர் ச. ஜனகராஜன் ஒருங்கிணைக்க, இரு மாநில உழவர்களும் ‘காவிரிக் குடும்பம்’ என்னும் பெயரில் நேருக்கு நேர் அமர்ந்தார்கள். ஐயர் அதற்குத் துணை நின்றார். அக்குடும்பம் தீர்ப்பு ஒன்றும் எழுதவில்லை. ஆயினும் மேட்டூருக்கு மேலே இருப்பவர் கன்னட மன்னன் அல்லர், கடன்பட்ட உழவரே என்பதைத் தஞ்சை உழவர் கண்ணால் கண்டார். அயல்நாட்டோடும் பேச்சே வழி என்பதை ஐயர் கண்டிருந்தார். இந்தியாவும் வங்கதேசமும் 1996 டிசம்பரில் 30 ஆண்டுகளுக்கெனக் கங்கை உடன்பாடு செய்துகொள்வதற்கு முன் நடந்த அறிஞர் உரையாடல்களில் அவர்க்குப் பங்குண்டு.

அதே 1996, பாலாற்றையும் சட்ட வரலாற்றில் ஏற்றியது. திருத்தணியிலிருந்து மேற்கே சில மணி நேர வழியில் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு கிணறுகளில் இறங்கிய ஊர்கள். வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள், மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும், ஐயம் எழுந்தபோதே முன்னெச்சரிக்கை வேண்டும் என்னும் இரு கொள்கைகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் உரைத்தது. உலகெங்கும் சட்டக் கல்லூரிகளில் இன்று பாலாற்றின் பெயர் பயிலப்படுகிறது. ஆற்றிலோ மணலும் இல்லை, நீரும் இல்லை. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் அதே கேட்டைப் பற்றி மீண்டும் தீர்ப்புரைக்க வேண்டியிருந்தது. சட்டத்தில் வென்ற ஆறு தரையில் தோற்றது ஏன் என்பதற்கு ஐயரின் விடை ஒன்றே. ஆற்றை எவரேனும் ஒருவருடைய உடைமையாகக் கருதும் வரை, உடையவர் மாறுவரேயன்றி ஆறு பிழைக்காது.

அரசும் உடையவர் அன்று என்பதே அவர் சொன்னதில் வலியது. 1996 டிசம்பரில் பியாஸ் ஆற்று வழக்கில் உச்ச நீதிமன்றம் அக்கோட்பாட்டை ஏற்றது. ஓர் உல்லாச விடுதிக்காக ஆற்றின் போக்கைத் திருப்பிய வழக்கு அது. ஆறும் கடற்கரையும் காடும் மக்கள் பொருட்டு அரசிடம் ஒப்படைக்கப்பட்டவை. அரசு அவற்றைக் காக்கலாம், கைமாற்றலாகாது. 2011இல் திட்டக் குழுவின் பொருட்டு தேசிய நீர்ச் சட்டகத்துக்கு வரைவு எழுதிய துணைக்குழுவின் தலைவராக ஐயர் அமர்ந்தபோது, அரசு நீரின் உரிமையாளர் அன்று என்பதை அவ்வரைவின் நடுவே வைத்தார்.

இக்கருத்தை மாணவர்க்கு விளக்கச் சட்ட ஆசிரியர்கள் உரோமானியச் சட்டத்துக்குச் செல்கிறார்கள். திருத்தணியார் அவ்வளவு தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மலையடியில் சரவணப் பொய்கை இருக்கிறது. ஆடிக் கிருத்திகையில் தெப்பம் மிதக்கும் அக்குளம் எவருடையது? குளம் முருகனுடையது, பார்த்துக்கொள்வோர் அறங்காவலர். அறங்காவலர் மாறுவர், ஆட்சி மாறும்; குளத்தை விற்றுவிட்டேன் என்று ஒருவரும் சொல்ல முடியாது. அப்படிச் சொன்னால் படியேறும் கிழவிகூடக் கேள்வி கேட்பாள். ஆங்கிலத்தில் பெருநூல்கள் எழுதி நிறுவ முயன்ற கோட்பாட்டுக்குத் தமிழில் ஒரே சொல் ஆயத்தமாக இருக்கிறது. பாடநூல்களோ ‘நீர் ஆளுகை’ என்று எழுதுகின்றன. ஆளுகை என்னும் சொல்லில் ஆள்பவர் மட்டுமே தெரிகிறார், பொறுப்பு தெரியவில்லை.

2014இல் பத்மஸ்ரீ விருது அவரை வந்தடைந்தது. வாழும் ஆறுகளையும் சாகும் ஆறுகளையும் பற்றி அவர் தொகுத்த நூல் 2015இல் வெளிவந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் அவர் மறைந்தார். நீர்ச் சட்டக வரைவு 2013இலும் 2016இலும் வேறு குழுக்களால் திருத்தி எழுதப்பெற்றும் சட்டமாகவில்லை. கொசஸ்தலை ஆற்றுக்கும் இரு மாநிலத்தார் கூடும் அவை இன்னும் இல்லை. பள்ளிப்பட்டு உழவர்களையும் சித்தூர் உழவர்களையும் ஒருநாள் இம்மண்டபத்துக்கு அழைத்தால், பேசுவோர் இருமொழியிலும் பேசலாம். இவ்வூரில் இரண்டும் அறிந்தவர்க்குக் குறைவில்லை. பதினோராம் ஆண்டின் நிகழ்ச்சி நிரலை வட்டம் வகுக்கும்போது இதனையும் கருதிப் பார்க்குமாறு செயற்குழுவினரை வேண்டி இவ்வுரை அமைகிறது.