மூத்தோர் குரலைக் காப்போம்
(ஓரிக்கையில் நிகழ்ந்த வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

நமக்கு அண்மையிலுள்ள உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன. நிலமும் மறைக்கல்வியும் உடையோரே அச்சபைக்குரியோர் என்றும் அவை கூறுகின்றன. நம் முன்னோர் சொல் கல்லில் ஏறவில்லை; ஏட்டிலும் அரிதாகவே ஏறியது. தாலாட்டிலும் ஒப்பாரியிலும், நடவுப் பாட்டிலும் தெருக்கூத்திலும், பறையின் அடியிலுமே அது வாழ்ந்து வந்துள்ளது. பாடுவோர் மறைந்தால் அதுவும் மறையும்.

அண்ணல் அம்பேத்கர் 1955-ஆம் ஆண்டு பி.பி.சி.க்கு அளித்த பேட்டியை இன்றும் அவர்தம் குரலிலேயே கேட்கிறோம். பதிந்து, காத்து வைத்தமையாலன்றோ அது கைகூடிற்று? இன்று அப்பணிக்கு நம் சட்டைப்பையிலுள்ள கைப்பேசியே போதும். ஆயினும் எவ்வடிவில், எத்தரத்தில் பதிவது என்பதை அறிந்து செய்தல் வேண்டும்.

கருவியானது ஒலியலையை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாக்குகிறது. மனிதச் செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரை உணரும். அதன் இருமடங்கிற்கு மேல் அளந்தால்தான் அவ்வொலி முழுமையாகப் பதியும். ஆகவேதான் குறுந்தகட்டில் நொடிக்கு 44,100 அளவுகள், 16 பிட் நுட்பத்தில் அமைந்தன. ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம் குறைந்த அளவாக 48,000 அளவுகளும் 24 பிட் நுட்பமும் பரிந்துரைக்கிறது.

'வேவ்' வடிவம் அளந்ததை அப்படியே வைக்கும். மேற்சொன்ன தரத்தில், ஒற்றைத் தடத்தில், நிமிடத்திற்கு 8.6 மெகாபைட் இடம் கொள்ளும். 'ஃப்ளாக்' எதையும் இழக்காமல் அதனை ஏறத்தாழப் பாதியாகச் சுருக்கும். 'எம்.பி.3' செவிக்கு எளிதிற் புலப்படாதவற்றை நீக்கிவிடும். 128 கிலோபிட் அளவில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 1 மெகாபைட்டே போதும். ஆனால் நீக்கியது நீக்கியதே. பின்னர் வேவாக மாற்றினும் மீளாது. நெல்லைக் குற்றி அரிசியாக்கலாம். அரிசியை நெல்லாக்க இயலுமோ? ஆதலின் விதைநெல்லைப் போல வேவ் அல்லது ஃப்ளாக் படியைக் காத்து வைப்போம். உற்றார்க்கு அனுப்ப எம்.பி.3 படி எடுத்துக்கொள்வோம்.

கைப்பேசியின் ஒலிப்பதிவுச் செயலியில் அமைப்புப் பகுதியைத் திறந்து வடிவத்தைத் தேர்க. வேவ் இல்லையெனில், உள்ளவற்றுள் உயர்தரத்தைக் கொள்க. மின்விசிறியை நிறுத்துக. பறையொலி திடீரென உயர்வதாகலின் சற்றுத் தள்ளி வைத்து, முதலில் சிறிது பதிந்து கேட்டுப் பார்க்க. அளவு மீறிச் சிதைந்த ஒலியை எந்த வடிவமும் சீராக்காது. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது குரற்செய்தியாக அன்றிக் கோப்பாகவே அனுப்புக. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் பாடுவோர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றைச் சொல்லுக. அவர் இசைவின்றிப் பதிதலும் வெளியிடுதலும் தகா. ஒரு படி இல்லத்திலும், மற்றொரு படி வேறோர் இடத்திலும் இருத்தல் நன்று.

இளைஞர்களே! கல்வி என்பது நூலைக் கற்பது மட்டுமன்று. நூலில் இடம்பெறாதோர் மொழியை நூலுக்குரியதாக்குவதும் ஆகும். இவ்வெள்ளி விழா ஆண்டிலேயே வீட்டுக்கொரு மூத்தோர் குரலைப் பதிந்து நம் சங்கத்திற்கு அளிப்போம். பொன்விழாக் காணும் நம் பேரப்பிள்ளைகள் அவற்றைக் கேட்கட்டும்.

வாழ்க அண்ணல் புகழ்! வளர்க நம் கல்விப் பணி!