தேறலும் கருமதுவும்
(மந்தைவெளியில் நடைபெற்ற வட்டத்தின் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



திருவள்ளுவருக்குக் கோயில் கொண்ட மயிலாப்பூரை அடுத்துள்ள மந்தைவெளியில், இலக்கிய அவை ஒன்றில், மதுவின் சுவை பேசுபொருளாவது சிலருக்கு வியப்பளிக்கலாம். கள்ளுண்ணாமை என்னும் அதிகாரத்தின் பத்துக் குறள்களும் கடிந்து ஒதுக்கிய பொருள் அது. ஆயினும் அதே வள்ளுவர், காதலின் இயல்பை விளக்கப் புகும்போது காய்ச்சிய மதுவாகிய 'அடுநறா'வையே ஒப்புக்கு எடுத்துக்கொள்கிறார். மது உண்டவர்க்கு மட்டுமே மகிழ்ச்சி தரும்; காதலோ கண்டவர்க்கே மகிழ்ச்சி தரும் என்பது அவர் கருத்து. குடியைக் கடிந்தவர் குடிபொருளின் இயல்பை அறியாதவர் அல்லர். சுவையறிதல் வேறு, குடித்தல் வேறு என்னும் இந்த வேறுபாடே இன்றைய பேச்சின் மையம்.

மேலை நாடுகளில் இக்காலத்தே பெரிதும் போற்றப்படும் மதுவகை ஒன்று உண்டு. பீப்பாயில் முதிர்விக்கப்பட்ட கடுமையான ஸ்டவுட் என்பது அது. பதினெட்டாம் நூற்றாண்டில் இலண்டனில் பெருகிய போர்ட்டர் என்னும் கருநிற பீரின் வலிய வகையே ஸ்டவுட் எனப்பட்டது. 1817-இல் டேனியல் வீலர் என்பவர் முளைத்த வாற்கோதுமையைக் கருக வறுக்கும் உருளைக்கு உரிமம் பெற்றார். அதன்பின், சிறிதளவு கருமுளையைக் கொண்டே ஆழ்ந்த கருநிறமும் வறுபட்ட மணமும் பெறுவது எளிதாயிற்று.

பீப்பாயின் கதை பிற்காலத்தது. அமெரிக்காவின் பூர்பன் விஸ்கியைப் புதிதாகச் செய்து உட்புறம் தீயில் கருக்கிய ஓக் மரக்கலத்திலேயே வைக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி. ஒருமுறை பயன்பட்ட பீப்பாய் மீண்டும் பூர்பனுக்கு உதவாது. 1990-களில் சிக்காகோ நகரின் கூஸ் ஐலண்டு நிறுவனம் அத்தகைய பீப்பாய்களில் ஸ்டவுட்டை ஊற்றி முதிர்வித்தது. பலரும் அதனைப் பின்பற்றினர். மாதக்கணக்கில் மரத்தோடு உறவாடும் மது, மரத்திலிருந்து வெனிலாவின் மணத்தையும் தேங்காயை நினைவூட்டும் மணத்தையும் பெறுகிறது. சிலர் மேப்பிள் பாகு, பீக்கன் கொட்டை, ஹேசல் கொட்டை, வறுத்த தேங்காய்த் துருவல் ஆகியவற்றையும் சேர்க்கின்றனர். வழக்கமான பீரில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் நிற்கும் சாராயச் சத்து, இதில் பத்து முதல் பதினைந்து வரை உயர்கிறது.

சுவைக்கும் முறையும் தனித்தன்மை உடையது. பனிக்கட்டியின் குளிர்ச்சி இதற்கு ஆகாது. குளிர் மிகுந்தால் மணம் ஒடுங்கிவிடும். வாய் குறுகிய சிறு கிண்ணத்தில் கால்பங்கு ஊற்றப்படுகிறது. சுவைப்பவர் முதலில் நிறத்தையும், பழுப்பேறிய நுரையையும் பார்க்கிறார், அடுத்து முகர்கிறார், பின்னரே ஒரு மிடறு அருந்தி நாவில் நிறுத்துகிறார். முதலில் கருப்பட்டிப் பாகின் இனிமை. நடுவில் வறுத்த எள்ளும் வேர்க்கடலையும் சேர்ந்தாற்போன்ற கொட்டைச் சுவை. இறுதியில் காப்பியின் கசப்பும் தொண்டையில் ஒரு சூடும்.

இவற்றை உணர ஒருவர் மதுவை அருந்தியிருக்க வேண்டும் என்பதில்லை. மயிலாப்பூர், மந்தைவெளித் தெருக்களில் காப்பிக்கொட்டை வறுபடும் மணத்தை அறிந்தவர்க்கும், கடலைமிட்டாய்க்குப் பாகு முறுகும் பதத்தை அறிந்தவர்க்கும் அதன் பெரும்பகுதி முன்னரே தெரிந்ததுதான். தானியமாயினும் கொட்டையாயினும் தீயில் வறுபடும்போது எழும் மணங்கள் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை.

தமிழர் வாழும் நிலப்பகுதிகளுக்கு அண்மையில் இதனோடு ஒப்பிடத்தக்கது இலங்கையின் லயன் ஸ்டவுட். நுவரெலியா மலையில் 1881-இல் நிறுவப்பட்ட மதுவாலையின் மரபில் வந்தது அது. சாராயச் சத்து எட்டு விழுக்காட்டுக்கும் மேற்பட்டது. மது குறித்த எழுத்தால் புகழ்பெற்ற மைக்கேல் ஜாக்சன் (1942-2007) அதனைப் பாராட்டி எழுதினார். அதற்குப் பீப்பாய் முதிர்வு இல்லை எனினும், கருப்பட்டியும் காப்பியும் கலந்தாற்போன்ற சுவையில் மேற்கூறிய வகைக்கு உறவானது.

இனிச் சங்கப் பாடல்களுக்கு வருவோமாயின், கலமும் காலமும் சுவையை ஆக்கும் என்னும் அறிவு அங்கே தெளிவாகக் காணக் கிடைக்கிறது. திருமுருகாற்றுப்படையில் மலைவாழ் கானவர் நெடிய மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேன்தேறலைச் சுற்றத்தோடு பருகுகின்றனர். பாரியின் நாட்டைப் பாடும் கபிலர், நிலத்தில் புதைத்து முதிர்வித்த மதுவைக் குறிக்கிறார். பெரும்பாணாற்றுப்படையோ, காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனின் நாட்டில், அரிசிக் கூழை ஆற்றி, உரைகாரர் நெல்முளை எனப் பொருள் கொள்ளும் அடையைக் கலந்து, சாடியில் விளைவித்த முறையையே படிப்படியாக விவரிக்கிறது. நாட்பட்ட தேறலின் கடுமைக்குத் தேளின் கொட்டலை ஒப்புக் கூறினார் ஔவையார். சினந்த பாம்பை ஒப்புக் கூறினார் சிறுபாணாற்றுப்படை தந்த நத்தத்தனார். பனை நுங்கின் நீரும் கரும்பின் சாறும் தெங்கின் இளநீரும் கலந்து பருகியோரை மாங்குடி கிழார் காட்டுகிறார்.

இவற்றைக் கொண்டு, ஸ்டவுட்டைத் தமிழரே முதலில் கண்டனர் என்று முழங்குவது அறிவுடைமை ஆகாது. கருக வறுத்த முளையும் ஓக் மரமும் அப்பாடல்களில் இல்லை. மூங்கிலின் மணம் வேறு, ஓக்கின் மணம் வேறு. பழம்பெருமை தேடுவோர்க்கு இது ஏமாற்றமாகலாம். ஆனால் அப்பாடல்கள் தருவது அதனினும் பெரியது. கள், தேறல், நறவு, மட்டு, அரியல், தோப்பி, பிழி எனப் பல பெயர்களை வழங்கி, எது எதனால் ஆனது, எதில் முதிர்ந்தது, எவ்வாறு நாவைத் தாக்குவது என்று பிரித்தறிந்த ஒரு மொழியை அவை காட்டுகின்றன.

அம்மொழி இன்று எங்கே என்பதே எழுப்ப வேண்டிய வினா. 1937-இல் சேலத்தில் இராஜாஜி அரசு தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவியது, 1971-இல் தளர்ந்தது. 1983-இல் அரசின் வாணிபக் கழகம் அமைந்தது. 2003 முதல் சில்லறைக் கடைகளையும் அதுவே நடத்துகிறது. விலக்கின் காலத்திலும் விற்பனையின் காலத்திலும் சுவையைப் பற்றிய பேச்சுக்கு இடமில்லாது போயிற்று. அத்தனை பெயர்களும் மறைந்து, பேச்சு வழக்கில் 'சரக்கு' என்னும் ஒரே சொல் எஞ்சியது. சரக்கு என்பது சுவையைக் குறிப்பதன்று. மயக்கத்தை மட்டுமே குறிப்பது. நின்றபடியே ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு நகர்பவருக்கு அதற்குமேல் ஒரு சொல் தேவைப்படுவதில்லை. அந்த விழுங்கலால் சீரழிந்த குடும்பங்களின் துயரத்தை இந்த அவையில் எவருக்கும் எடுத்துக் கூற வேண்டியதில்லை.

சுவையறிவு குடியைத் தடுத்துவிடும் என்று கூறவும் இயலாது. நயமறிந்து அருந்தியோரும் அழிந்தது உண்டு. எனினும் அளவு என்னும் கருத்து சுவையறிவோடு பிறப்பது. கடுமையான ஸ்டவுட் ஒரு புட்டியை மூவரோ நால்வரோ பகிர்வதே வழக்கம். தனியொருவர் முழுவதையும் அருந்துவது சுவைப்பதாகக் கொள்ளப்படுவதில்லை. அதியமான் மறைந்தபோது ஔவையார் நினைந்து இரங்கியதும் இதையே அன்றோ! சிறிதளவு கள் கிடைத்தால் அதனைப் பாணர்க்கே தந்துவிடுவான். மிகுதியாகக் கிடைத்தால் அவர் பாடக் கேட்டுத் தானும் உடன் அருந்தி மகிழ்வான். அக்கையறுநிலையில் கள் அளவிடப்படுவது போதையால் அன்று; ஈகையால்.

தேறலைப் பாடிய புலவரையும் கள்ளைக் கடிந்த வள்ளுவரையும் ஒருங்கே போற்றுவது தமிழ் இலக்கிய மரபு. ஒருவரைக் கொண்டு மற்றவரை மறைக்க வேண்டியதில்லை. அருந்தாமலே அறியலாம் என்பதற்கு அப்பாடல்கள் சான்று. தேளின் கடுப்பும் மூங்கிலின் முதிர்வும், ஒரு துளியும் பருகாத வாசகரின் நாவில் இரண்டாயிரம் ஆண்டுகளாக நின்றுகொண்டிருக்கின்றன. அந்தச் சொற்களை மீண்டும் படிப்பதும், பிள்ளைகளுக்குப் பொருள் சொல்லிக் கொடுப்பதும் இலக்கிய வட்டங்களின் கடமையாகும்.