மணல் வாளியும் மாணவர் மனமும்
(கணபதியில் தோழர்களிடையே ஆற்றிய உரை)



கணபதிக்கு வந்தவன் பட்டறையைப் பற்றிப் பேசாமல் போக முடியுமா? வார்ப்படமும் கடைசலும் பம்புசெட்டும் கோவையின் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றன. அப்பட்டறைகளிலே சிவப்பு வண்ணம் பூசிய வாளியில் மணல் நிரப்பி வைத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். நேற்றுத் தீப்பிடித்ததா? இல்லை. நாளை பிடிக்குமா? எவரும் அறியார். எனினும் வாளி நிறைந்தே இருக்கிறது. தீ மூண்ட பிறகு மணல் தேடுவது அறிவுடைமை அன்று என்பதைத் தொழிலாளி அறிவான்.

இரும்புக்குச் செய்யும் இந்த முன்னேற்பாட்டை, அத்தொழிலாளி வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிக் கல்லூரிக்கு அனுப்பிய பிள்ளைக்குச் செய்திருக்கிறோமா?

2022ஆம் ஆண்டில் இந்தியாவில் தற்கொலையால் மாண்ட மாணவர்கள் 13,044 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். நாள்தோறும் 35 பேருக்கு மேல்! இவர்களில் எத்தனை பேர் தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறச் சென்றவர்களோ!

“அந்தப் பிள்ளைகளுக்கு நெஞ்சுரம் இல்லை” என்று கூறிக் கைகழுவுவோர் உண்டு. அவர்களுக்குத் தமிழ்நாடே விடை தந்திருக்கிறது. பொதுத்தேர்வில் ஒரு பாடம் தவறினாலும் ஓராண்டு வீணாகும் நிலை முன்பு இருந்தது. தவறியவர்கள் விரைவிலேயே மீண்டும் எழுதி, அவ்வாண்டே மேற்படிப்பில் சேர வழிசெய்யும் துணைத்தேர்வு இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. 1986இல் சென்னையில் டாக்டர் இலட்சுமி விஜயகுமார் தொடங்கிய ‘சினேகா’ அமைப்பு இதற்காக வாதாடியது. அதன்பின் தேர்வுத் தோல்வியால் நேர்ந்த சாவுகள் குறைந்தன. பிள்ளைகளின் நெஞ்சு ஓராண்டில் இரும்பாகிவிட்டதா? இல்லை, விதி மாறிற்று, உயிர் பிழைத்தது!

சட்டமும் இன்று நம் பக்கம் நிற்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனவழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ள வேண்டும், தண்டித்தல் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். உச்ச நீதிமன்றம் 2025 சூலைத் திங்களில் வழங்கிய தீர்ப்பு இன்னும் தெளிவானது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ பயிலும் நிறுவனத்தில் தகுதிபெற்ற மனநல ஆலோசகர் ஒருவரேனும் இருத்தல் வேண்டும். ஆசிரியர், பணியாளர் அனைவருக்கும் ஆண்டுக்கு இருமுறை பயிற்சி தருதல் வேண்டும். உதவி எண்கள் விடுதியிலும் வகுப்பிலும் பெரிய எழுத்தில் தெரிதல் வேண்டும். மதிப்பெண்ணைக் காட்டிப் பலர் முன்னிலையில் இழிவுபடுத்துதல் கூடாது. தமிழ்நாட்டு அரசும் 2022 டிசம்பரில் கல்லூரிகளுக்கென ‘மனம்’ என்னும் மனநல நல்லாதரவு மன்றங்களைத் தொடங்கியது.

ஆனால் தோழர்களே, ஆணை வேறு, ஆயத்தம் வேறு! பகல் பத்து மணிக்கு வந்து மாலை நான்கு மணிக்குப் போகும் ஆலோசகர், நள்ளிரவில் விடுதி அறையில் உடைந்து அழும் மாணவனுக்கு எவ்வாறு உதவுவார்? அந்நேரத்தில் அருகிலிருப்போர் யார்? அறைத்தோழன், காவலாளி, சமையற்காரர், விடுதிக் காப்பாளர்! என்ன சொல்வது, யாரை அழைப்பது, எந்த மருத்துவமனைக்கு எந்த வண்டியில் செல்வது என்று அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டாமா? “சாக எண்ணுகிறாயா?” என்று பரிவோடு நேராகக் கேட்பது அவ்வெண்ணத்தை ஊட்டிவிடாது, நெஞ்சின் பாரத்தை இறக்கிவைக்கவே இடந்தரும். இதை அவர்கள் அறிந்திருக்க வேண்டாமா?

ஆதலின், சத்தி சாலை நெடுகிலும் கோவை எங்கணும் உள்ள கல்லூரிகளுக்குப் பெற்றோரோடு செல்லுங்கள். நான்கு கேள்விகள் கேளுங்கள். ஆலோசகர் யார்? இரவில் பொறுப்பு யாருடையது? கடைசியாகப் பயிற்சி நடந்த நாள் எது? நோயுற்று விடுப்பெடுத்த மாணவர் வருகைக் குறைவென்றும் கட்டணப் பாக்கியென்றும் விரட்டப்படாமல் திரும்பிவர வழி உண்டா? விடைகளை எழுத்தில் பெறுங்கள். விடை இல்லையேல் மாவட்ட நிருவாகத்திடம் மனுவாகக் கொடுங்கள்.

இதைப் படிக்கும் மாணவத் தோழனே, தங்கையே! நெஞ்சு கனத்தால் 14416 என்னும் எண்ணை அழையுங்கள். இரவும் பகலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. உதவி கேட்பது கோழைத்தனம் அன்று, அது உங்கள் உரிமை. அவ்வுரிமையை ஒவ்வொரு கல்லூரியிலும் நிலைநாட்டுவது நம் கடமை!