பென்யமீன் – பெயர் மாறிய பிள்ளை

இன்று நாம் ஒரு பெயரைப் பற்றிச் சிந்திப்போம். விவிலியத்தின் முதல் நூலாகிய ஆதியாகமத்தில், 35ஆம் அதிகாரத்தில் வரும் பென்யமீன் என்னும் பெயர் அது.

யாக்கோபின் மனைவி ராகேல் நெடுங்காலம் பிள்ளையின்றி ஏங்கியவள். பின்னர் ஒரு மகன் பிறந்தான். அவனுக்கு யோசேப்பு என்று பெயரிட்டாள். எபிரேய மொழியில் அதற்கு 'இன்னும் ஒருவனைக் கூட்டித் தருவாராக' என்பது பொருள். பெயரே வேண்டுதலாயிற்று. வேண்டியபடியே இரண்டாம் மகனும் வந்தான். ஆனால் பெத்தேலிலிருந்து எப்பிராத்தாவுக்குப் போகும் வழியில் பிரசவ வேதனை கண்டு, ராகேல் உயிர் துறந்தாள். உயிர் பிரியும் வேளையில் அவள் குழந்தைக்கு இட்ட பெயர் பெனொனி. 'என் துயரத்தின் மகன்' என்று பொருள்.

தந்தை அப்பெயரை ஏற்கவில்லை. பென்யமீன் என்று மாற்றினார். 'பென்' என்றால் மகன். 'யமீன்' என்றால் வலக்கை. வலக்கை அம்மக்களுக்கு வலிமையின் அடையாளம். கிழக்கு நோக்கி நின்று திசைகளைக் குறித்த அவர்களுக்கு வலப்புறம் தெற்காகும். ஆகவே 'தென்திசை மகன்' என்றும் அறிஞர்கள் பொருள் கூறுவர்.

'பென்' என்பது நம் செவிக்கு முற்றிலும் புதியதன்று. மலாய்க்காரர் பெயர்களில் வரும் 'பின்' என்ற அரபுச் சொல் அதன் உடன்பிறப்பே. அதற்கும் மகன் என்றே பொருள். புன்யாமின் என்று நாம் கேட்கும் பெயரும் இந்தப் பென்யமீன்தான்.

இன்னொரு செய்தி. இந்த வலக்கை மகனின் குலத்தில், குறி தப்பாமல் கவண் எறியும் இடக்கை வீரர் 700 பேர் இருந்ததாக நியாயாதிபதிகள் நூல் கூறுகிறது. இஸ்ரவேலின் முதல் அரசரான சவுலும் இக்குலத்தவரே.

யாக்கோபுக்குத் துயரம் இல்லாமலா இருந்தது? மனைவியை வழியோரத்தில் அடக்கம் செய்து, கல்லறையின் மேல் ஒரு தூணை நாட்டினார். தம் துயரத்துக்கு அந்தத் தூண் போதும், பிள்ளை அதைச் சுமக்க வேண்டாம் என்று எண்ணினார் போலும்.

'தாயை விழுங்கிய பிள்ளை' என்று நம்மிடையேயும் சிலர் சொல்வதுண்டு. பிறந்த குழந்தை செய்த குற்றம் என்ன? அச்சொல்லைக் கேட்டுக் கேட்டு வளரும் பிள்ளையின் மனம் என்ன பாடுபடும்! பிள்ளைக்குப் பெயர் சூட்டும்போதும், பெயர் சொல்லி அழைக்கும்போதும் இதை நினைவில் கொள்வோம்.