வாசலில் ஒரு கிளட்ச்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"தொழில்நுட்பமாக ஏதாவது பேசுங்க" என்று சங்கச் செயலாளர் கேட்டார். பெரிய விஷயம் எதுவும் என்னிடம் இல்லை. திருத்துறைப்பூண்டியில் எங்கள் வீட்டு வாசலில், பழைய மாருதி 800 காருக்கு நானே கிளட்ச் மாற்றப்போய் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

1983 கடைசியில் வெளிவந்து, 2014இல் உற்பத்தி நின்ற மாடல் அது. அப்பாவின் வண்டி. தை மாதம் எங்கள் பக்கம் கார் ஓட்டியவர்களுக்குத் தெரியும். முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர், எதிரே அறுவடை மெஷின், ஊர்ந்துதான் போகணும். அப்பாவோ கிளட்ச் பெடலிலிருந்து காலை எடுக்கவே மாட்டார். பிளேட் எத்தனை நாள் தாங்கும்? பொங்கல் லீவில் நான் போனபோது, பாலம் ஏறினால் இஞ்சின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. கருகல் வாசனை வேறு.

பண்டிகைக்குப் பட்டறைகள் பூட்டு. "நம்ம பையன் இஞ்சினியர்தானே" என்றார் அப்பா. எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. சீரான அழுத்தம், சீரான தேய்வு என்று இரண்டு கொள்கையையும் வைத்துப் பரீட்சையில் பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டவன் ஆயிற்றே!

பேட்டரி வயரைக் கழற்றி, கியர் ஆயிலை வடித்து, முன் ஆக்ஸில்கள், ஸ்டார்ட்டர், கேபிள்கள் எல்லாம் எடுக்கவே முதல் நாள் போயிற்று. இஞ்சின் தொங்கிவிடாமல் இருக்க, மட்கார்டுகளின் குறுக்கே இரும்புக் குழாய் போட்டுச் சங்கிலியால் கட்டினேன். தெருக்கோடி மெக்கானிக் அண்ணன் பார்க்க வந்தார். வண்டியைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்.

"தம்பி, ஜாக்கிக்கு அடியில பலகை இல்லையே?"

"மண்ணு காஞ்சு கெட்டியாத்தாண்ணே இருக்கு."

"மேலதான் காஞ்சிருக்கு. இது வண்டல் களிமண்ணு, உள்ள இன்னும் ஈரம். ஜாக்கி தூக்குறதுக்குத்தான் தம்பி, தாங்குறதுக்கு இல்ல."

கஜா புயலில் 2018இல் விழுந்த மரத்தை அறுத்த கட்டைகள் கொல்லையில் கிடந்தன. அவற்றைத் தட்டையாக, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, இரு பக்கமும் சேஸிஸுக்கு அடியில் வைக்கச் சொன்னார். பின் சக்கரங்களுக்குச் செங்கல். அரை மனதாகச் செய்தேன்.

மறுநாள் கியர்பாக்ஸை வெளியே இழுக்க உயரம் போதவில்லை. ஜாக்கியால் இன்னும் கொஞ்சம் தூக்கினேன். கட்டைக்கும் வண்டிக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. அடியில் படுத்துக் கடைசி போல்ட்டை நெம்பும்போது ஜாக்கி சாய்ந்து மண்ணுக்குள் போயிற்று. வண்டி இறங்கி, 'டம்' என்று கட்டையில் உட்கார்ந்தது. என் மூக்குக்கும் சம்ப்புக்கும் ஒரு சாண் இருந்திருக்கும். கட்டை இல்லையென்றால் இந்த மேடையில் நான் இல்லை. அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. மலர் வீட்டுக்கு வந்ததும் படிக்கத்தான் போகிறார்.

பிறகு ஜாக்கிக்கடியில் பலகை, கட்டை மேல் இன்னொரு வரிசை. கழற்றிப் பார்த்தால் பிளேட் ரிவிட் வரை தேய்ந்திருந்தது. உள்ளே இருந்த தூசியை வாயால் ஊதப்போனேன், அண்ணன் தடுத்தார். பழைய பிளேட்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலப்பதுண்டு, ஈரத்துணியால்தான் துடைக்கணும்.

புது பிளேட்டை வைத்து முடுக்கினால் கியர்பாக்ஸ் ஏறவே இல்லை. இரண்டு மணி நேரம் தள்ளிப் பார்த்தேன். அண்ணன் பழைய இன்புட் ஷாஃப்ட் ஒன்றைக் கொண்டுவந்து பிளேட் நடுவில் செருகி, "சென்டர் பார்த்து வச்சிட்டு, பிரஷர் பிளேட் போல்ட்டை எதிரெதிரா கொஞ்சம் கொஞ்சமா முடுக்குங்க" என்றார். அப்புறம் ஒரே தள்ளில் உட்கார்ந்தது. பிளேட்டை மையப்படுத்த வேண்டும் என்று நான் போட்ட எந்தக் கணக்கிலும் வரவில்லை. ரிலீஸ் பேரிங்கையும் கூடவே மாற்றினோம். அதற்காக மறுபடி யார் கழற்றுவது? கேபிளில் கொஞ்சம் லூஸ் விட்டோம். அது இல்லாவிட்டால் பேரிங் எப்போதும் அழுத்திக்கொண்டே இருந்து, புது பிளேட்டும் வழுக்கும்.

பட்டறையில் ஒரு நாளில் முடியும் வேலை, எனக்கு மூன்று நாள். அண்ணன் காசு வாங்க மறுத்துவிட்டார்; கரும்பும் வாழைத்தாரும் வாங்கிக்கொண்டார்.

செயற்குழுவுக்கு ஒரு விண்ணப்பம். இந்த ஆண்டு நன்கொடையில், நம் துறைப் பட்டறைக்குப் பழைய 800 ஒன்றும், அதோடு நாலு நல்ல ஸ்டாண்டுகளும் வாங்கித் தாருங்கள். கழற்றிக் காட்ட ஆண்டுக்கு இரண்டு சனிக்கிழமை நான் வருகிறேன். மெக்கானிக் அண்ணனிடமும் கேட்டுவிட்டேன், வருவதாகச் சொல்லியிருக்கிறார்.